ஓமந்தைக்கு அப்பால் மணி என்ன? ஏ.சி.எம். ஃபெலோ தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஏ.சி.எம். ஃபெலோ தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். கொழும்பில் இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருள் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். கணினித் துறையினரின் சங்கமான நீங்கள் வருடா வருடம் கொடுக்கும் ஃபெலோ என்ற கௌரவப் பட்டத்தின் பட்டியல் வந்ததும் ஒரு தடவை வாசித்துவிடுவேன். 2022க்கு 57 பேர், 2023க்கு 68 பேர். உறுப்பினர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற உங்கள் கண்டிப்பில் எனக்குக் குறையில்லை. மேடை ஏறியவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்தும் ஊரில் இருப்பவனுக்கு அதன் அருமை தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. அதற்கு 2006 சித்திரை வருடப்பிறப்புக்குப் போக வேண்டும்.

மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். மிச்ச அரை மணியை 2006 ஏப்ரல் 15 அதிகாலை எடுத்துவிட்டு, பழையபடி கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே என்ற கணக்குக்கே திரும்பினோம். லீவு முடிந்து நான் வேலைக்குப் போனால், யாரோ ஒருவர் சர்வரின் மணியைக் கையால் அரை மணி பின்னுக்குத் திருப்பி வைத்திருக்கிறார். நேர வலயத்தை மாற்றவில்லை; சர்வர் இன்னும் பழைய ஆறு மணிக் கணக்கிலேயே இருந்தது. காலை ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒன்பதரை என்று இருந்தது. இன்னும் வராத நேரத்தில் எழுதிய கடிதம்!

அதைச் சரிசெய்யத்தான் முதன்முதலாக நேர வலயத் தரவுத்தளத்தின் ஆசியக் கோப்பைத் திறந்தேன். அதுவரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எந்த ஊருக்கு எப்போது என்ன நேரம் என்ற விதிகளை லினக்ஸும் உங்கள் கைப்பேசியும் எடுப்பது அதிலிருந்துதான். ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது; பிறகு போல் எகர்ட் பொறுப்பேற்றார். கோப்பு முழுக்கக் குறிப்புகள். 1996இன் மாற்றத்தைப் புலிகள் ஏற்காமல் இந்திய நேரத்திலேயே இருந்தார்கள் என்ற ரொய்ட்டர்ஸ் செய்தி அங்கே கிடக்கிறது. அந்தப் பகுதியில் வாழ்பவர்கள் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம் என்று எகர்ட் கீழே எழுதியிருக்கிறார். புலிகளின் பகுதிக்குள் போக ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு வைத்த எனக்கு, கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவர் அதையும் கணக்கில் எடுத்திருந்தது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

2011இல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம், பழைய கால நேரத் தகவல்கள் தன்னுடைய நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று இவர்கள் இருவர் மேலும் வழக்குப் போட்டது. அடுத்த பெப்ரவரியில் வாபஸ் வாங்கியது. சம்பளமில்லாத வேலைக்குக் கிடைத்த பரிசு அது. இதற்கிடையில் இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அந்தத் தரவுத்தளத்துக்கு இடம் கொடுத்தது.

இந்த இருவருக்காகச் சிபாரிசு செய்ய நான் வரவில்லை. இப்படிப்பட்ட வேலை உங்கள் படிவத்துக்குள் எப்படி நுழையும் என்பதுதான் கேள்வி. ஃபெலோ ஆக ஐந்து வருடம் சந்தா கட்டிய உறுப்பினராக இருக்க வேண்டும். தன்னைத் தானே முன்மொழிய முடியாது. இன்னொருவர் முன்மொழிந்து, நான்கைந்து உறுப்பினர்கள் சான்றுரைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அந்த நான்கைந்து பேரும் அடுத்த அறையிலேயே கிடைப்பார்கள். இரவில் வீட்டு மேசையில் ஒரு நிரலைப் பராமரிப்பவரை யார் முன்மொழிவது? சங்கத்தில் சேர்வதையே யோசித்திராதவர் அவர்.

பெயருக்குப் பக்கத்தில் நீங்கள் போடும் அந்த ஒற்றை வரியும் சிக்கல்தான். 'இன்ன துறைக்கு ஆற்றிய பங்களிப்புக்காக' என்று எழுதப் புதிதாக ஒன்று வேண்டும். 'இருபது வருடம் எதுவும் உடையாமல் பார்த்துக்கொண்டதற்காக' என்று எழுத உங்களுக்குக் கை வருமா?

வராது என்று சொல்ல முடியாது. உங்களுடைய மென்பொருள் அமைப்பு விருதை 1983இல் யுனிக்ஸ் இயங்குதளத்துக்கும் 1986இல் டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கும் கொடுத்தவர்கள் நீங்கள். ஓடுகிற மென்பொருளை எடைபோட உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த விருது ஊரறிந்த பெரிய அமைப்புகளுக்குத்தான் போகிறது, அதுவும் வருடத்துக்கு ஒன்று.

பலரும் நம்பியிருக்கும் பொது மென்பொருளைப் பராமரிப்பவர் என்றால் அந்த ஐந்து வருடச் சந்தா நிபந்தனையைத் தளர்த்துங்கள். சேர்த்துக்கொண்ட பிறகு சந்தா வாங்கலாமே. சான்றுரைகளில் ஒன்றையாவது, உறுப்பினர் அல்லாத, அந்த மென்பொருளை நம்பி வேலை செய்கிற ஒருவர் எழுத விடுங்கள். ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தெரியாதது அவருக்குத் தெரியும்: அது நின்றால் தன்னுடைய வேலையில் எது நிற்கும் என்று.

அப்படி ஒரு சான்றுரை கேட்டால், 2006 சித்திரையில் அந்த சர்வருக்கு முன்னால் நடந்ததை நேர முத்திரைகளோடு எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு மென்பொருள் பொறியியலாளர்