சாயங்காலத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரையில் இருக்கும் நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான சாயங்காலக் கூடம் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. மேடை போட்டு நன்றி சொன்னால் சால்வை போர்த்துவதிலேயே பொழுது போய்விடும். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, போன வருஷம் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்ட பெரியவருக்கு. பிள்ளைகள் பின்னாளில் குடிக்கும் போதைக்கும் போகாமல் இருக்க இப்போதே ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் பேசி முடித்ததும், "பால்வாடிப் புள்ளைங்ககிட்ட சாராயத்தப் பத்தி என்னம்மா பேசப்போற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று அன்றைக்கே முடிவானது அவரால்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது வேளைக்குச் சோறு, பயமில்லாத வீடு, கோபம் வந்தால் அடக்கிக்கொள்ளும் பழக்கம், பேர் சொல்லிக் கூப்பிட நாலு பெரியவர்கள். பதாகை பிடித்துப் பேரணி போவதெல்லாம் உயர்நிலைப் பள்ளியில் நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வயதில் தொடங்குவது தாமதம் என்பது என் எண்ணம்.

இதை எங்களுக்குப் புரியவைத்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அவர்தான் சொன்னார். சிறுவயதில் அடி, அவமானம், வீட்டில் குடிநோயாளி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது என்று ஆய்வில் கேட்ட துன்ப வகைகளில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவுமே படாதவர்களைவிடக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை இருந்ததாம். கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் யாரும் என்னை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

காலைச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறது. காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கியது 2023 ஆகஸ்ட் 25 அன்று, பக்கத்துத் திருக்குவளைப் பள்ளியிலிருந்துதான். மத்தியானம் சத்துணவு இருக்கிறது. மணி நாலுக்கு மேல்தான் பிள்ளைக்கு ஆள் கிடையாது. அம்மா வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார். அப்பா எங்கே இருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துக்கு மண்டபத்துச் சாவியைக் கொடுத்த கோயில் நிர்வாகிக்கு நன்றி. எந்தத் தெருப் பிள்ளை என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டவர்களுக்கும் அவரே பதில் சொல்லிவிட்டார். இன்றைக்குக் காலனித் தெருவும் குடியானத் தெருவும் ஒரே பாயில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகின்றன. சுண்டலை முறைவைத்து அவித்துத் தரும் சுய உதவிக் குழு அக்காக்களுக்கும், மழைக்குத் தார்ப்பாய் கட்டித் தந்த கொள்முதல் நிலையத்துச் சுமைதூக்கும் அண்ணன்களுக்கும், இன்வெர்ட்டர் வாங்க உண்டியல் சேர்த்த சிங்கப்பூர்த் தம்பிகளுக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா இல்லையென்றால் கூடம் சந்தைக்கடைதான். பால்டிமோர் நகரத்து ஒன்றாம் வகுப்புகளில் 1985-86இல் நடத்திப் பார்த்த விளையாட்டு ஒன்றை அவர் எங்கோ படித்துவிட்டு வந்தார். முரட்டுப் பிள்ளையையும் அமைதியான பிள்ளையையும் கலந்து அணி பிரிக்க வேண்டும். விளையாடும் நேரத்தில் விதியை அதிகம் மீறாத அணி ஜெயித்ததாகக் கணக்கு. எல்லா அணியும் ஜெயிக்கலாம். அந்தப் பிள்ளைகளை 19 முதல் 21 வயதில் மறுபடி பார்த்தபோது, சிறுவயதில் அடிதடியாக இருந்த பையன்களில் குடி, போதைக் கோளாறு குறைந்திருந்ததாம். நம் கூடத்தில் குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பட்டங்களின் பேரில் மூன்று அணிகள். தாளடிக்காரர்கள் கொஞ்சம் லேட்டாகத்தான் அடங்குவார்கள், கடைசியாக நடும் பயிரின் பேருக்கு ஏற்ற மாதிரி. பரிசு, கீழத்தெரு அப்பாயி சொல்லும் இன்னொரு கதை. அப்பாயிக்குத் தனியாக நன்றி சொன்னால் திட்டுவார், விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பெரிதாகப் படுவது இனிச் சொல்லப்போவதுதான். நம் ஊரில் பீடி வாங்க, சிகரெட் வாங்க, தொட்டுக்கொள்ள மிக்சர் வாங்க, டம்ளர் கழுவித் தர, எல்லாவற்றுக்கும் ஓடுவது ஏழு வயதுப் பிள்ளைதான். மீதிச் சில்லறை அதன் கூலி. எது எந்தக் கடையில் கிடைக்கும், எவ்வளவு விலை என்று இரண்டாம் வகுப்பிலேயே அதற்குப் பாடம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது என்று 2003ஆம் வருஷமே சட்டம் வந்துவிட்டது. அதைச் சொன்னதும் பெட்டிக்கடை அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, யார் வூட்டுப் புள்ள வந்தாலும் இல்லைன்னுடுறேன்" என்றார். வியாபாரம் குறைந்தது, சண்டைக்கும் வந்தார்கள். அவர் மாறவில்லை. தொங்கவிட்டிருந்த புகையிலைப் பொட்டலச் சரங்களையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது கடலைமிட்டாய் டப்பா.

அதோடு, "நானே நடந்து போயி வாங்கிக்கிறேன், விடு டீச்சர்" என்று சொன்ன அப்பாக்களுக்கும் நன்றி. குடிக்கிறவர்களை நன்றி மடலில் சேர்ப்பதா என்று குழுவில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சேர்த்திருக்கிறேன். அவர்களில் பலர் இன்னும் குடியை விடவில்லை. பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதை விட்டிருக்கிறார்கள், அதற்குத்தான் இந்த நன்றி.

எந்தப் பிள்ளை ராத்திரி தூங்காமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் அங்கன்வாடி டீச்சருக்கும், இருட்டிய பிறகு வீடு வரை கொண்டுவிடும் கல்லூரித் தங்கச்சிகளுக்கும், மண்டபச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும், போதை மீட்பு உதவி எண் 14446ஐயும் காசு வாங்காமல் எழுதித் தந்த பெயிண்டர் தம்பிக்கும் நன்றி.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால், அடுத்து நாற்றுப் பறிக்க அம்மாக்கள் விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். காலையிலும் ஒரு மணி நேரம் கூடம் திறக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். சாவி வாங்கித் திறந்துவைக்க இரண்டு பேர் தேவை. முடிந்தவர்கள் அங்கன்வாடி டீச்சரிடம் பேர் கொடுங்கள். வரவு செலவு நோட்டு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
கூடத்துக் குழுவின் சார்பில்,
உங்கள் டீச்சர்