கடல் உள்வாங்கவில்லை, வற்றியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பௌர்ணமிக்கு மறுநாள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது: பக்தர்கள் பரபரப்பு' என்ற செய்தியைப் படித்தேன். பாசி படிந்த பாறைமேல் நின்று செல்ஃபி எடுப்பவர்களின் படமும் இருந்தது. போன அமாவாசைக்கும் இதே செய்திதான். படமும் ஏறக்குறைய இதேதான். கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதைக் குறிக்கும் 'ஓதம்' என்ற சொல்லை எட்டு வரிச் செய்தியில் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு இருபத்தாறு வருடம் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் கடற்கரை ஊர்களில். ஓதம் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. அவன் அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். "டீச்சர், அமாவாசை பௌர்ணமிக்குத் தண்ணி கூடுதலா ஏறும்னு நீங்க சொல்றீங்க. எங்க அப்பா அன்னைக்குத்தான் கூடுதலா வத்தும்ங்காரு. யாரு சொல்றது சரி?"

இரண்டும் சரி. அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பாடத்தில் ஏற்றத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வற்றத்தை விட்டுவிடுவது என் வழக்கமாக இருந்தது. சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வரும் நாட்களில் சூரியனின் இழுப்பும் நிலாவின் இழுப்போடு சேர்ந்துகொள்கிறது. ஓதத்தைப் பொறுத்தவரை சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இரண்டும் சேரும்போது கடல் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே குறைவு. சரிவு குறைந்த கரையில் நீர்மட்டம் முக்கால் மீட்டர் இறங்கினாலே அறுபது எழுபது அடிக்கு மணலும் பாறையும் வெளியே தெரியும். தாங்கள் வெளியிட்ட படம் அதுதான்.

நிலா இழுப்பதால் நீர் ஏறுகிறது என்பதோடு பாடத்தை முடித்தால் அடுத்த கேள்வி தயாராக நிற்கும்: நிலாவுக்கு எதிர்ப்பக்கம் ஏன் ஏறுகிறது? இதற்குக் கரும்பலகைப் படம் உதவாது. மூன்று பிள்ளைகளை மைதானத்தில் ஒட்டினாற்போல் வரிசையாக நிறுத்துவேன். வாசல் கேட்தான் நிலா. கேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவள் அதை நோக்கி ஐந்து காலடி வைக்க வேண்டும், நடுவில் இருப்பவள் நான்கு, கடைசியில் இருப்பவள் மூன்று. நடந்து முடித்ததும் நடுப் பிள்ளைக்கு முன்னாலும் இடைவெளி, பின்னாலும் இடைவெளி. நடுவில் நிற்பவள்தான் பூமி, மற்ற இருவரும் இருபுறத்துக் கடல். கிட்ட இருப்பதை நிலா கூடுதலாக இழுக்கிறது, எட்ட இருப்பதைக் குறைவாக இழுக்கிறது. கடலை இருபுறமும் மேடாக்குவது அந்த வித்தியாசம்தான். இந்த விளையாட்டு ஐந்து நிமிடம். பிறகு, "அப்ப எங்க வீட்டுக் கிணத்துல ஏன் ஏறல?" என்று ஒருத்தி கேட்டாள். கிணற்றின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நிலா எவ்வளவு தூர வித்தியாசத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டாள். (மனித உடம்பில் எழுபது சதவீதம் தண்ணீர், அதனால் அமாவாசைக்குப் புத்தி பேதலிக்கும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கும் இதே பதில்தான்.)

புத்தகத்தில் உள்ள இரண்டு மேடுகள் சுலபமாக்கிய படம்தான். அதே நிலாதான், ஆனால் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. நம் தெற்குக் கரையில் ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. வளைகுடாவின் வடிவமும் ஆழமும் செய்யும் வேலை அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவும் புரியும்.

'உள்வாங்கியது' என்ற சொல்லைப் பற்றி நான் இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி. சுனாமிக்கு முன் பல கரைகளில் கடல் பின்வாங்கியதைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றும் எங்கள் பக்கம் கடல் சற்று வற்றினால், வெளியூரிலிருந்து போன் வருகிறது. ஓதத்தில் நீர் இறங்க ஆறு மணி நேரம் ஆகும். சுனாமிக்கு முன் சில நிமிடங்களில் ஓடிவிடும். முதலாவதில் சிப்பி பொறுக்கலாம். இரண்டாவதில் மேட்டை நோக்கி ஓட வேண்டும். இரண்டுக்கும் செய்தித்தாள் ஒரே சொல்லைப் போட்டால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

பருவகாலப் பாடத்துக்கும் இதே கதிதான். கோடையில் சூரியன் பக்கத்தில் வருகிறது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். 1987-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் 23 பேரிடம் பருவங்களைப் பற்றியோ நிலாவின் பிறைகளைப் பற்றியோ கேட்டபோது 21 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லையாம். நம் பிள்ளைகளுக்கோ பதில் மார்கழியிலேயே இருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரம், அதாவது சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோலம் போடும் நாட்களில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஆனி மாதத்தில் 15.2 கோடி. தூரம்தான் காரணமென்றால் மார்கழியில் வியர்க்க வேண்டும்.

காரணம் பூமியின் அச்சிலுள்ள 23.5 பாகைச் சாய்வு என்பதைப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். சாய்வு எப்போதும் ஒரே திசையில் நிற்கிறது என்பதுதான் நழுவிப்போகும். ஒன்பது வருடம் நானே தப்பாகச் செய்து காட்டியிருக்கிறேன். எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சியைச் செருகி, எரியும் பல்பைச் சுற்றி நடப்பேன். நடக்க நடக்க என் கையும் திரும்பி, குச்சியின் முனை எப்போதும் பல்பையே பார்த்திருக்கிறது. "டீச்சர், அப்ப வருஷம் பூரா கோடைதானே?" என்று ஒரு பிள்ளை கேட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு, எங்கே நடந்தாலும் குச்சி வகுப்பறைக் கதவையே பார்க்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அதைவிட நல்ல கருவி நிழல். மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டு நடுப்பகல் நிழலை அளந்தால், திருச்செந்தூர் பக்கம் டிசம்பர் 22-ல் சுமார் 62 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி. மார்ச் 21-ல் 15. ஏப்ரல் 12-ஐ ஒட்டி, சித்திரைப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால், நிழலே இல்லை. ஜூன் 21-ல் 27 சென்டிமீட்டர், அதுவும் தெற்கு நோக்கி! சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டது என்பதைப் பிள்ளைகள் தரையிலேயே பார்க்கிறார்கள். நம்மூரில் பகல் நீளம் வருடத்துக்கு ஒரு மணி நேரம்தான் கூடிக் குறைகிறது. லண்டனில் எட்டே முக்கால் மணி நேரம். ஆகவே பனி பெய்யும் நாட்டின் நான்கு பருவப் படத்தை வைத்து இங்கே தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியும், வாடையோடு மழை வரும் ஐப்பசி கார்த்திகையும் பிள்ளைகளுக்குத் தெரிந்த பருவங்கள். வெயில் எங்கே உச்சத்தில் விழுகிறதோ அந்த இடம் வடக்கும் தெற்கும் நகர்வதால்தான் காற்றும் திரும்புகிறது என்று அங்கிருந்து சாய்வுக்குப் போகலாம்.

என் கோரிக்கை சிறியது. சூரிய உதயம், அஸ்தமனம், ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் தினமும் போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக்கு ஏற்றம், வற்றம் நேரத்தையும் போடுங்கள். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. கணித்துச் சொல்லும் நேரம்தான், காத்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து நாள் வெட்டி ஒட்டினால், ஏற்றம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போவதையும், நிலா உதிப்பதும் சராசரியாக அவ்வளவே தள்ளிப் போவதையும் ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். அடுத்த பௌர்ணமிக்குத் தங்கள் நிருபர் திருச்செந்தூர் போகும்போது, வற்றம் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனால் படமும் இன்னும் நன்றாக வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.