நம் பழைய ஸ்கானரின் உறவுக்காரன்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள ரவி,

கடிதம் கிடைத்தது. வசந்தியின் எலும்பு ஸ்கானில் பிழையாக ஒன்றும் இல்லை என்ற வரியைக் கண்டபிறகுதான் மீதியை நிதானமாக வாசித்தேன். இங்கே பெரிய புதினம் இல்லை. மழை விட்டபாடில்லை. கொம்பனித்தெருவில் நாம் வேலை செய்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள், அடுக்குமாடி வருகிறதாம். மகள் பம்பலப்பிட்டிக்கு வீடு மாறிவிட்டாள், அதனால் பேரன் தினமும் இங்கேதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஸ்கான் எடுக்கும்போது வசந்திக்கு மேலே இறக்கிய அந்தப் பெரிய தட்டுக்குக் கமரா என்று பெயர் சொல்கிறார்களே, அதில் வில்லை (லென்ஸ்) எங்கே என்று கேட்டிருக்கிறாய். மச்சான், அதற்குள் இருக்கும் சாமான் உனக்குப் பழக்கமானதுதான். படங்களை உருளையில் ஒட்டிச் சுழற்றி வாசிக்கும் நம் டிரம் ஸ்கானரில் இருந்த அதே போட்டோமல்டிப்ளையர் டியூப், மிக மங்கிய ஒளியையும் மின் சைகையாக்கிப் பெருக்கும் குழாய்! உருளையில் ஒட்டிய டிரான்ஸ்பரன்சியின், அதாவது ஒளி புகும் படத்தின், ஊடாக வந்த ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து அளந்தது அதுதானே. கறுத்த நிழலுக்குள்ளும் விவரம் எடுக்கிறோம் என்று முதலாளி வாடிக்கையாளரிடம் பீற்றிக்கொண்டதெல்லாம் அந்த டியூபின் புண்ணியம்.

அது வேலை செய்யும் விதத்தை நாம் அப்போது யோசித்துப் பார்க்கவே இல்லை. உயர்தரத்தில் படித்த ஒளிமின் விளைவுதான் தொடக்கம். காற்று எடுத்த கண்ணாடிக் குழாய், முகப்பின் உட்புறத்தில் அந்திமனியும் சீசியம் போன்ற கார உலோகங்களும் சேர்ந்த மெல்லிய பூச்சு. நாலு போட்டோன், அதாவது ஒளித் துகள், வந்து விழுந்தால் ஏறக்குறைய ஒன்றுதான் அதிலிருந்து ஓர் இலத்திரனைக் கிளப்பும். அந்த ஒற்றை இலத்திரனை யாராலும் நேரே அளக்க முடியாது. எனவே சுமார் 100 வோல்ற் வித்தியாசத்தில் டைனோட் என்ற உலோகத் தகட்டை நோக்கி இழுக்கிறார்கள். மோதிய வேகத்தில் மூன்று நாலு இலத்திரன்கள் வெளியே வரும். அவை அடுத்த தகட்டில் மோதும், அப்படியே போகும். ஒவ்வொன்றிலும் நாலு மடங்கு என்று வை, பத்தாவது தகட்டில் 10 இலட்சத்தைத் தாண்டிவிடும். எல்லாம் ஒரு செக்கனின் கோடியில் சில பங்குக்குள். வேறு பெருக்கியைப் போட்டால் அதன் சொந்த இரைச்சலே இந்தச் சின்னச் சைகையை விழுங்கிவிடும். இங்கே பெருக்கம் வெற்றிடத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது, அதுதான் கெட்டித்தனம். ஆனால் மின் அழுத்தம் கொடுத்திருக்கும்போது மூடியைத் திறந்து வெளிச்சம் பட்டால் டியூப் போச்சு. சேவிஸ் பண்ண வருகிறவர் ஏன் அப்படிக் கத்தினார் என்று இப்போது விளங்குகிறதா?

வசந்திக்கு ஏற்றியது ரெக்னீசியம்-99எம் என்ற கதிர் வீசும் மருந்து. ஆறு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், பயப்பட வேண்டாம். எலும்பிலிருந்து வரும் காமாக் கதிரை எந்த வில்லையாலும் வளைக்க முடியாது. அதனால் வில்லைக்குப் பதில் ஆயிரக்கணக்கான ஓட்டைகள் உள்ள ஈயத் தகடு. நேரே வரும் கதிர் மட்டும் புகுந்து சோடியம் அயடைட்டுப் பளிங்கில் பட்டதும் மின்மினி அளவுகூட இல்லாத ஓர் ஒளி. பின்னால் வரிசையாக நிற்கும் டியூப்களில் பக்கத்தில் இருப்பதற்கு அதிகம் கிடைக்கும், தள்ளி இருப்பதற்குக் குறைவாக. அந்த விகிதத்தைக் கொண்டு கதிர் விழுந்த இடத்தைக் கணிக்கிறார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹால் ஆங்கர் இதைச் செய்தபோது அவரிடம் இருந்தவை 7 டியூப்கள்தான்.

டியூபே 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் உருவானது. முதலில் ஒரே ஒரு பெருக்கத் தகடு, பிறகு பல. உலகப் போரில் அதை வெளிச்சம் பார்க்கவா வைத்தார்கள்? எதிரியின் ரேடாரைக் குழப்ப, இரைச்சல் உண்டாக்கும் கருவியாக! ஜப்பானின் ஹமமற்சு நிறுவனம் பிற்பாடு அரை மீற்றர் விட்டத்தில் செய்தது. அங்கே கமியோகண்டே என்ற நிலத்தடித் தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி அவற்றைப் பொருத்தி, எங்கோ வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்த நியூத்திரினோக்கள் என்ற நுண் துகள்கள் 11ஐ 1987இல் பிடித்தார்கள். அடுத்து வந்த சூப்பர்-கமியோகண்டேயில் 11,000க்கு மேற்பட்ட டியூப்கள். 2001இல் அங்கே ஒன்று நொறுங்க, அந்த அதிர்ச்சி அலையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை தூளாகின. வாசித்தபோது வயிறு பற்றி எரிந்தது. நாங்கள் ஒரு டியூப் மாற்றவே முதலாளியிடம் எவ்வளவு கெஞ்சினோம்!

பேரன் இதையெல்லாம் பழைய காலத்துச் சாமான் என்கிறான். இப்போது அதே வேலைக்கான கருவியைச் சிலிக்கனில் செய்கிறார்கள், நகத்தளவுதான். ஆயிரம் வோல்ற் வேண்டாம், காந்தப் புலத்துக்கும் அசையாது. உடலுக்குள் ஏற்றிய கதிர் மருந்தைப் படம் பிடிக்கும் புதிய பெட் (PET) ஸ்கானர்கள் அதற்கு மாறுவது நியாயம்தான். ஆனால் அறை வெப்பத்தில், அதே பரப்பளவுக்கு, சிலிக்கன் எழுப்பும் பொய்ச் சைகைகள் மிக அதிகம். பெரிய தாங்கியின் சுவரை மூட வேண்டுமென்றால் இன்றும் கண்ணாடிக் குழாய்தான். ஜப்பானில் கட்டிக்கொண்டிருக்கும் ஹைப்பர்-கமியோகண்டேக்கும் அதையேதான் வாங்குகிறார்கள். பேரனுக்குச் சொன்னேன், நம்பவில்லை. நீ வரும்போது ஒருமுறை எடுத்துச் சொல்லு, நீ சொன்னால் கேட்பான்.

அப்புறம், மகனின் கல்யாணத் திகதியை எழுத மறந்துவிட்டாய். கெதியாக எழுது, ரயிலுக்கு இப்போதே இடம் பிடிக்க வேண்டும். வசந்திக்கு என் அன்பு.

உன்,
குமார்