அக்டோபர் 15 சாயங்காலம் தெப்பக்குளத்துல கூடுறோம்

எல்லாருக்கும் வணக்கம், வயித்துலயோ பெறந்தப்புறமோ புள்ளைய இழந்தவங்களுக்கான நினைவு நாள் அக்டோபர் 15, அன்னிக்கு 7 மணிக்கு பல ஊர்லயும் ஒரு மணி நேரம் வெளக்கு ஏத்தி வைப்பாங்க, நாமளும் வண்டியூர் தெப்பக்குளம் படிக்கட்டுல ஏத்துவோம், 6.30க்கே வந்துருங்க. அகல் நான் வாங்கியாறேன், காத்தடிக்கும், கண்ணாடி டம்ளர் இருந்தா கொண்டாங்க. பேரு வச்சிருந்தா சொல்லலாம், வைக்கலன்னா பாப்பான்னு சொன்னாலே போதும். அண்ணன் தம்பிகளும் வரணும், போன தடவ ஒருத்தர் வண்டிய விட்டு எறங்காமலே நின்னுக்கிட்டிருந்தாரு.

ஒரே ஒரு விஷயம், "அடுத்த வருஷமே ஒண்ணு பெத்துக்கலாம்"னு யாரும் சொல்லிறாதீங்க. எனக்கு மூணாம் நாள் பால் கட்டி நெஞ்சு கல்லா கெடந்தப்ப வந்தவங்க பூரா இதத்தான் சொன்னாங்க, பக்கத்து வீட்டு மதினி மட்டும் ஒண்ணும் பேசாம ரசஞ்சோறு கரைச்சுக் குடுத்து, கெடந்த பாத்திரத்தயெல்லாம் கழுவி வச்சுட்டுப் போனாங்க.

வேலைக்குப் போறவங்களுக்கு, கரு கலைஞ்சா 6 வாரம் சம்பளத்தோட லீவு சட்டத்துலயே இருக்கு, டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி வச்சுக்கங்க. ராத்திரி மனச பெசஞ்சா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

வர்றவங்க பேரு போடுங்க, தம்ஸ்அப் வேணாம்.