செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2025 – மார்ச் 2026)

தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், இதை எப்படியும் வாட்ஸாப்பில் அவர்களுக்கு அனுப்பத்தான் போகிறேன்.

இந்த ஆண்டு நம் வானியல் ஆர்வலர் சங்கம் ஒன்பது கூட்டங்கள் நடத்தியது. இரண்டு, போதிய உறுப்பினர் வராததால் கலைந்தன. செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணத்துக்கு மொட்டைமாடியில் ஏற்பாடு செய்தோம், மேகம். காவலூர் வானாய்வகம் போய் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்து வந்தோம். பெயர் கொடுத்துவிட்டு வராத ஏழு பேருக்கும் சேர்த்தே வேன் வாடகை கொடுக்கப்பட்டது. பள்ளி மாணவர்களுக்குச் சனியைக் காட்டினோம். வளையம் கோடாக மெலிந்திருந்ததால் "ஏமாத்திட்டீங்க சார்" என்றார்கள். வளையம் விளிம்புவாக்கில் தெரியும் காலம் அது. சங்கம் அதற்குப் பொறுப்பல்ல.

அடுத்தது, செயற்குழுவில் சிலர் "செயலாளரின் சொந்தக் கோலம்" என்று பெயர் வைத்த நிகழ்ச்சி. செலவு குறித்துக் கேள்வி எழுந்ததால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தை அமாவாசை அன்று மாலை, பள்ளி மைதானத்தில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை, அதாவது நம் பால்வெளி போன்ற இன்னொரு நட்சத்திர மண்டலத்தை, கோலமாவால் வரைந்தோம். ஒரு லட்சம் ஒளியாண்டுக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு. நட்சத்திரங்கள் இருக்கும் தட்டு குறுக்கே இரண்டு மீட்டர்தான் வந்தது. அதைச் சுற்றியிருக்கும் வாயுப் போர்வைக்கு ஆணி அடித்துக் கயிறு கட்டி 13 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டோம். சில திசைகளில் அது 20 மீட்டர் வரை போகும். அங்கே மாவு தீர்ந்துவிட்டது. நம் பால்வெளி மண்டலம் 25 மீட்டர் தள்ளி, சைக்கிள் ஸ்டாண்டுக்குள் விழுந்தது. நமக்கும் இதே மாதிரி ஒரு போர்வை உண்டு. ஆக, இரண்டு போர்வைகளும் இப்போதே உரசிக்கொண்டிருக்கலாம்.

இந்த அளவுகள் நான் கற்பனை செய்தவை அல்ல. 2020இல் வானியலாளர் நிக்கொலா லெனரின் குழு, ஆண்ட்ரோமீடாவுக்குப் பின்னால் வெகு தொலைவில் எரியும் 43 குவாசர்களை (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்களை) ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக் கண்டது. எனவே நாங்களும் 43 அகல்விளக்கு வைத்தோம். எண்ணெய்ச் செலவு அதனால் வந்தது.

கூட்டிப் பெருக்கும் அம்மா வட்டத்தின் ஓரமாக நின்று பார்த்தார்.

"நடுவுல இத்தனூண்டு தட்டு, சுத்தி இவ்ளோ பெரிய வட்டம். உள்ள என்ன சார் இருக்கு?"

"காத்து மாதிரி ஒண்ணும்மா. காத்தைவிட ரொம்ப ரொம்ப லேசு. கண்ணுக்குத் தெரியாது."

"அப்போ ஒண்ணும் இல்லேன்னு சொல்லுங்க."

அவரே பிறகு கொசுவுக்குச் சாம்பிராணி போட்டார். இருட்டில் புகை எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ஒரு விளக்கின் முன்னால் வந்ததும் சுடர் மங்கி, புகையின் நெளிவு அப்படியே தெரிந்தது. "அந்த வெளக்குக்கு எதிர்ல பாருங்க, தெரியுது" என்று பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் நாற்பது நிமிடம் பேசியும் விளங்காதது அதில் விளங்கிவிட்டது. குவாசரின் ஒளி வாயுவைக் கடந்து வரும்போது, ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை மட்டும் விழுங்கிவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் அங்கே ஒரு கறுப்புக் கோடு விழும். ஐந்து எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனின் கோடு 1032 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விழுகிறது. புற ஊதாவான அந்த ஒளி நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. காவலூரில் இதைப் பார்க்க முடியாதா என்று வேனில் கேட்டவருக்கும் இதுவே பதில். 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் ஹப்பிளில் புதிய நிறமாலைமானி ஒன்றைப் பொருத்திய பிறகே இந்த வேலை வேகம் பிடித்தது. ஆனால் வானியலாளர் லைமன் ஸ்பிட்சர் 1956இலேயே, பால்வெளித் தட்டுக்கு வெளியே சூடான வாயு இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாமே வானியலாளருக்கு 'உலோகம்'. ஆக்சிஜன், கார்பன் உட்பட. இதைச் சொன்னதும் வேதியியல் ஆசிரியரான நம் துணைத்தலைவர் எழுந்து போய்விட்டார். டீ குடிக்கத்தான் போனதாகச் சொல்கிறார். இந்த உலோகங்களை நட்சத்திரங்கள்தான் சமைக்கின்றன. ஆனால் 2014இல் கணக்குப் பார்த்தபோது, சமைத்ததில் சுமார் கால்வாசியே கேலக்ஸிக்குள் அகப்பட்டது. மீதியை நட்சத்திர வெடிப்புகளும் காற்றுகளும் வெளியே தள்ளிவிட்டன. அதில் ஒரு நல்ல பங்கு போர்வையில் கிடைத்தது. நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் ஒரு கேலக்ஸியைச் சுற்றி, போர்வையில் ஆக்சிஜன் மட்டுமே குறைந்தது ஒரு கோடி சூரியன் எடை.

அன்று வந்த உறுப்பினர்கள் பதினொரு பேர். மற்றவர்களில் பலர் தர்ப்பணம் என்றார்கள். தர்ப்பணம் காலையில் முடிந்துவிடும். நிகழ்ச்சி மாலை ஆறரை மணிக்கு.

சந்தா பற்றி. ஆண்டுக்கு 200 ரூபாய். பாதிப் பேர் கட்டவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கட்டாத ஒரு நண்பர், "நாங்கல்லாம் சங்கத்தோட வெளிப்போர்வை சார்" என்று குழுவில் பதிவிட்டார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியே போன வாயு திரும்பி விழவும் செய்யும். 1963இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்மித் மேகம் என்ற வாயுத்திரள் விநாடிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம் தட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதிலுள்ள கந்தகத்தை ஹப்பிள் அளந்து பார்த்ததில், இங்கிருந்தே போன சரக்காக இருக்கலாம் என்று தெரிகிறது. புது நட்சத்திரம் பிறக்க அப்படி வரும் வாயு வேண்டும். வெளியிலிருந்து வரத்து நின்றால் இருப்பு சில நூறு கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மேகம் வந்து சேரச் சுமார் 3 கோடி ஆண்டு ஆகும். பொருளாளரால் அவ்வளவு காலம் பொறுக்க முடியாது.

வரவு செலவு விவரம் அவரிடம் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம். கையிருப்பு சொல்லும்படி இல்லை. எனக்குத் தர வேண்டிய கோலமாவு, எண்ணெய்ப் பாக்கி தவிரக் கடனும் இல்லை.

மைதானம் தந்த தலைமையாசிரியருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், சாம்பிராணி போட்ட அம்மாவுக்கும் நன்றி. அம்மாவை கௌரவ உறுப்பினராக்கலாம் என்று முன்மொழிகிறேன். அவரிடம் சந்தா கேட்க வேண்டாம்.

வரும் ஆண்டு, தொலைநோக்கியில் பொருத்தும் சிறு நிறமாலைமானி ஒன்று வாங்க ஆசை. அதில் போர்வை தெரியாது. நட்சத்திரங்களில் விழும் கறுப்புக் கோடுகளையாவது நம் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். சந்தா பாக்கி முழுவதும் வந்தால் முன்பணம் கட்டிவிடலாம். எனக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடிவதில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க இளைஞர்கள் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். போன ஆண்டும் இதையே சொன்னேன். தொலைநோக்கி அலமாரிச் சாவி அதுவரை என்னிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்