தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு: மின்னூலை 235 ரூபாய்க்கு விற்றால் உங்களுக்கும் நஷ்டம்தான்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களே, வணக்கம்.

அச்சு நூல் 250 ரூபாய், அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 235 ரூபாய். மாதம் ஐந்தாறு நூல் வாங்குகிற வாசகர் இதைப் பார்த்ததும் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு, விலை இறங்கட்டும் என்று பேசாமல் இருந்துவிடுவார். கேட்டால், "அமேசான்காரன் முக்கால்வாசியை எடுத்துக்கொள்கிறான்" என்கிறீர்கள். கேடிபி (நூலை நாமே கிண்டிலில் ஏற்றி விற்க அமேசான் தரும் சேவை) வழியாக நீங்களே நூலை ஏற்றுபவராக இருந்தால், அப்படி எடுக்க வைப்பது நீங்கள் வைத்த விலைதான்.

இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை, அதாவது விலையில் உங்கள் பங்கு, பெற இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். நூல் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் இருக்க வேண்டும். அதாவது 90 நாள் தவணைக்கு மின்வடிவம் வேறெங்கும் விற்கக் கூடாது. விலையும் அச்சு விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் கீழே இருக்க வேண்டும். 250 ரூபாய் நூலுக்கு 200தான் உச்சம். 235 வைத்தால் 35 சதவீதம் மட்டுமே. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் கைக்கு வருவது 82 ரூபாய் 25 காசு.

அதே நூலுக்கு 150 ரூபாய் வையுங்கள். 70 சதவீதத் திட்டத்தில் கோப்பை வாசகருக்கு அனுப்பும் செலவாக, அதன் அளவில் ஒரு எம்பிக்கு (மெகாபைட்) 7 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் பங்கு தருவார்கள். கோப்பு 1 எம்பி என்றால் 100 ரூபாய் 10 காசு கிடைக்கும். வாசகருக்கு 85 ரூபாய் மிச்சம், உங்களுக்கும் கூடுதல். கோப்பு 6 எம்பி ஆனால் 75 ரூபாய் 60 காசுதான். 11 எம்பியானால், அனுப்பும் செலவே இல்லாத 35 சதவீதத் திட்டம் தேவலை.

பெரும்பாலும் எழுத்தே உள்ள நாவல் ஏன் 6 எம்பி ஆகிறது? அச்சகத்துக்கு அனுப்பிய, 300 டிபிஐ நுணுக்கமுள்ள பெரிய படங்களை அப்படியே செருகுவதால்தான். அத்தியாயத் தலைப்பைக்கூடப் படமாக வைக்கிறார்கள்! அதைத் தட்டச்சு செய்யுங்கள். கோட்டோவியங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சுருக்குங்கள். பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றவே வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடியாத மின்னூலை யார் வாங்குவார்கள்?

அச்சுக்குப் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பை, மின்னூலுக்கான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றினால் மெய்ப்பை இன்னொரு முறை பாருங்கள். 'கௌரி'யில் ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் 'ள'வும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் சிக்காது. அச்சில் வரியோரம் உடைத்த சொல் இங்கே 'வந்திருக்-கிறார்' என்று நடுவரியில் வந்து நிற்கும்.

ஜிஎஸ்டியும் இருக்கிறது. 2018 ஜூலை 27 முதல், அச்சுப் பதிப்பு உள்ள நூலின் மின்வடிவத்துக்கு 5 சதவீதம். மின்னூலாக மட்டும் வருவதற்கு 18. நேரடி மின்னூலுக்கு விலை வைக்கும்போது இதை மறக்காதீர்கள்.

கடைசியாக, இலவச மாதிரியில் வருவது நூலின் முதல் 10 சதவீதம். சின்ன நூல்களில் அந்த இடத்தைப் பதிப்புரை, அணிந்துரை, நன்றியுரை மூன்றுமே தின்றுவிடுகின்றன. அணிந்துரையைப் பின்னால் வையுங்கள். எழுதிக் கொடுத்தவர் கோபித்துக்கொண்டால், விற்பனைக் கணக்கைக் காட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மின்னூல் வாசகர்கள் சிலர்