கம்போடியக் காட்டு விமானம்

கிள்ளான்
6 ஏப்ரல் 2025

அன்பு மணியம்,

நலம்தானே? தங்கச்சி எப்படி இருக்கிறாள், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நீ புலனத்தில் அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி முழுதாகப் பார்த்தேன், பதினேழு நிமிஷம். கம்போடியக் காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு விமானம் கிடக்கிறதாம், அதுதான் 2014-ல் காணாமல் போன நம் மலேசிய விமானம் எம்எச்370-ஆம், எல்லா அரசாங்கங்களும் சேர்ந்து மறைக்கிறார்களாம். "உண்மையாடா, நீதான் இதையெல்லாம் விழுந்து விழுந்து படிப்பவனாச்சே" என்று கேட்டிருந்தாய்.

உண்மை இல்லை. 2018-லேயே இந்தக் கதை ஒரு சுற்று வந்து போனது. செயற்கைக்கோள் மேலிருந்து படம் எடுக்கும்போது இடையில் பறந்துகொண்டிருக்கிற விமானமும் படத்தில் விழும், கீழே காடு இருந்தால் காட்டுக்குள் கிடப்பது போலத்தான் தெரியும். அவ்வளவுதான் விஷயம். ஒரு வரியில் பதில் போட்டிருப்பேன், ஆனால் முட்டி வலியில் தூக்கம் வரவில்லை, உனக்குக் கடிதம் என்று உட்கார்ந்து எழுதியும் வருஷக்கணக்கு ஆகிறது.

முதலில் வீட்டுச் சேதி. செவ்வாய்க்கிழமை காலை புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்ததைப் பார்த்திருப்பாய். ராயா பெருநாளின் இரண்டாம் நாள், நான் பசியாறிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து வானமே செக்கச்செவேல் என்று இருந்தது. என் மச்சான் மகள் வீடு அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள், எல்லாரும் பத்திரம். ஆனால் பாரு, தீ அணையவில்லை, அதற்குள் என் கைப்பேசியில் ஏழு விதமான காரணம் வந்து விழுந்துவிட்டது. நாசவேலை என்கிறான் ஒருவன், நிலநடுக்கம் என்கிறான் இன்னொருவன், மூன்றாமவன் ஜாதகம் பார்க்கிறான். அந்த ஏழையும் படிக்கும்போதுதான் பதினொரு வருஷத்துக்கு முந்தைய அந்த மார்ச் மாதம் ஞாபகத்துக்கு வந்தது. அதே வாரத்தில் உன் வீடியோவும் வந்து சேர்ந்தது.

சரி, கம்போடியாவுக்கு வருகிறேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்தக் கதைக்கு ஒரு நிஜமான விதை இருக்கிறது. 2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 12.42-க்கு விமானம் பெய்ஜிங்குக்குக் கிளம்பியது. 1.19-க்குக் கடைசிப் பேச்சு, அடுத்த இரண்டு நிமிஷத்தில் ராடார் திரையிலிருந்து புள்ளி மறைந்தது. நம் எல்லை முடிந்து வியட்நாம் எல்லை தொடங்குகிற இடம் அது. வியட்நாம்காரர்கள் 1.39-க்குத்தான் "எங்கே உங்கள் விமானம்?" என்று கோலாலம்பூரைக் கேட்டார்கள். இரண்டு மணி வாக்கில் விமான நிறுவனத்தின் செயல்பாட்டு மையம் சொன்ன பதில் என்ன தெரியுமா, "கம்போடிய வான்வெளியில் இருக்கிறது". உண்மையில் அது யாரும் கண்ணால் கண்ட இடம் கிடையாது, கிளம்பின நேரத்தையும் வேகத்தையும் வைத்து இந்நேரம் இங்கே இருக்கும் என்று கணினி போட்ட கணக்கு. மூன்றரைக்குத்தான் அதை நம்ப வேண்டாம் என்றார்கள். தேடல் மீட்புக்கான முழு அபாய அறிவிப்பு போனது காலை 5.32-க்கு. அந்த ஒன்றரை மணி நேரக் குழப்பத்தில் விழுந்த கம்போடியா என்கிற வார்த்தைதான் இன்றைக்கு மரமாக வளர்ந்து உன் கைப்பேசியில் காய்க்கிறது.

இதை நான் ரொம்ப நாளாகக் கவனித்துக்கொண்டு வருகிறேன் மணியம். இந்த விமானத்தைப் பற்றிய கதைகளில் வெறும் கற்பனையில் பிறந்தவை குறைவு. யாரோ அதிகாரத்தில் இருப்பவர் அவசரத்தில் ஒன்றைச் சொல்வார், பிறகு திருத்துவார், திருத்தினது யார் காதிலும் ஏறாது. கடைசியாக விமானி பேசியது "ஆல்ரைட், குட் நைட்" என்று மூன்று வாரம் உலகம் முழுக்க ஓடியது. ஒட்டுக்கடை கோபால் அந்த "ஆல்ரைட்" என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே விமானியின் மனநிலையை அலசினான். மார்ச் கடைசியில் வந்து, இல்லை, "குட் நைட் மலேசியன் த்ரீ செவன் ஸீரோ" என்பதுதான் சரியான வார்த்தை என்றார்கள். எல்லா விமானியும் எல்லா ராத்திரியும் சொல்கிற சாதாரண வார்த்தை. திருடின பாஸ்போர்ட்டில் ஏறிய அந்த இரண்டு ஈரானியப் பையன்கள் தீவிரவாதிகள் என்று எத்தனை பேர் சத்தியம் செய்தார்கள்! கடைசியில் ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் போனவர்கள். சரக்கில் நாலரை டன் மங்குஸ்தீன் இருந்தது என்றவுடன், அது சீசனே இல்லையே, பழத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று ஆரம்பித்தார்கள். அதில் நானும் ஒருவன். ஜொகூர் மூவார் பக்கத்திலிருந்து வந்த பழம் என்று விசாரணையில் தெளிவாகச் சொல்லியும் நான் ஒரு மாதம் ஒத்துக்கொள்ளவில்லை.

விமானத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று விமான நிலையத்துக்கு ராஜா போமோ என்கிற மந்திரவாதி வந்தது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு தேங்காய், மூங்கிலில் ஒரு தொலைநோக்கி, பறக்கும் பாய். நீயும் நானும் தொலைபேசியில் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதே வாரமோ அடுத்த வாரமோ அமெரிக்காவில் சி.என்.என். தொலைக்காட்சியில் கோட் சூட் போட்டவர்கள் விமானத்தைக் கருந்துளை விழுங்கியிருக்குமா என்று விவாதித்தார்கள், அதைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை, அவர்கள் கையில் தேங்காய் இல்லையே.

ஆனால் ஜனங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உன் ஊர் ராடார் விஷயத்தை எடுத்துக்கொள். விமானம் திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குத் தீவுக்குத் தெற்கே வளைந்து மலாக்கா நீரிணைக்குள் போனது ராணுவ ராடாரில் பதிவாகியிருக்கிறது. 1.52-க்குத் துணை விமானியின் கைப்பேசியை பினாங்கில் ஒரு கோபுரம் அடையாளம் கண்டிருக்கிறது. நீ பட்டர்வொர்த்தில் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தாய், 239 பேர் உன் தலைக்கு மேல் இல்லாவிட்டாலும் பக்கத்தில்தான் போயிருக்கிறார்கள். எதிரி விமானம் போலத் தெரியவில்லை என்று யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அது திரும்பியிருக்கலாம் என்று தெரிந்த பிறகும் ஒரு வாரம் கப்பல்கள் தென்சீனக் கடலையும் சலித்துக்கொண்டிருந்தன. மார்ச் 15-ஆம் தேதி பிரதமர் நஜிப் வந்து, யாரோ வேண்டுமென்றே திருப்பியிருக்கிறார்கள் என்கிற மாதிரி சொன்னார். ஒரு வாரம் எதையோ நம்மிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்று அன்றைக்குப் பட்டுவிட்டது பார், அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன நிஜத்தைக்கூட யாரும் முழுசாக நம்பவில்லை. மார்ச் 24-ஆம் தேதி, விமானம் கடலில் முடிந்துவிட்டது, யாரும் பிழைக்கவில்லை என்கிற சேதி சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியாகப் போனது, அதுவும் ஆங்கிலத்தில்.

அப்புறம் அந்தக் கேப்டன் கதை. அவர் வீட்டில் விமானம் ஓட்டிப் பழகுகிற இயந்திரம் வைத்திருந்தார், அதில் தென் இந்தியப் பெருங்கடல் வரை போகிற புள்ளிகள் இருந்தன, முந்தைய நாள்தான் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வாருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்து வருஷம் சிறை விதித்தது, இவர் அன்வார் கட்சிக்காரர். மூன்றையும் கோர்த்தால் மாலை மாதிரி அழகாக இருக்கிறது. பினாங்கில் பிறந்தவர், ஊரைக் கடைசியாக ஒருதடவை பார்க்கத்தான் அங்கே வளைந்தார் என்று வெளிநாட்டு விமானி ஒருவர் சொன்னதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா.

அதில்தான் எனக்கு ஒரு சூடு விழுந்தது, உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 2014 கடைசியில் காப்பாரில் ஒரு கல்யாணம். மேசையில் பத்துப் பேர், நான் கரண்டியை விமானமாக வைத்து, அப்பளத்தைப் பினாங்காக வைத்து விளக்கிக்கொண்டிருக்கிறேன். எதிரில் ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், முன்பு விமானப் பணிப்பெண்ணாக இருந்தவளாம், எனக்குத் தெரியாது. "அங்கிள், அந்த ஃபிளைட்ல போனவங்கள்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் அப்பளத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அதற்குப் பிறகும் இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிற டியேகோ கார்சியா தீவில் அமெரிக்கர்கள் இறக்கிவிட்டார்கள் என்பதை ஆறு மாதம் நம்பினேன். மாலத்தீவில் ஒரு தீவுக்காரர்கள் காலையில் தாழ்வாகப் பறந்த பெரிய விமானத்தைப் பார்த்ததாகச் சொன்னார்களே, அது போதுமாக இருந்தது எனக்கு. என்னை மாற்றியது 2015 ஜூலை 29. ரீயூனியன் தீவில் செயின்ட் ஆந்த்ரே கடற்கரையைச் சுத்தம் செய்தவர்கள் கண்ணில் இறக்கையின் ஒரு துண்டு பட்டது. அந்த ஊர் எது தெரியுமா, நம் பாட்டன்மார் இங்கே ரப்பருக்கு வந்தது மாதிரி, அதற்கும் முன்னால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தமிழர்கள் நிறைந்த ஊர், கோவில்கூட உண்டு. அந்தத் துண்டின் மேல் கொட்டலசு, அதுதான் சிப்பி மாதிரி ஓட்டோடு ஒட்டிக்கொள்கிற கடல் உயிரி, ஒட்டி வளர்ந்திருந்தது. மாதக்கணக்கில் கடலில் மிதந்த பொருள். கொட்டலசுக்கு யாரும் காசு கொடுத்துப் பொய் சொல்ல வைக்க முடியாதே என்று அன்றைக்குத் தோன்றியது. பிறகு மொசாம்பிக், தான்சானியா என்று ஆப்பிரிக்கக் கரையோரம் துண்டு துண்டாக ஒதுங்கின.

செயற்கைக்கோள் கணக்கையும் அதற்குப் பிறகுதான் பொறுமையாகப் படித்தேன். மற்ற தொடர்பெல்லாம் அறுந்த பிறகும் விமானத்தில் ஒரு கருவி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் சத்தமில்லை என்றால் செயற்கைக்கோள் வழியாக "இருக்கிறாயா?" என்று கேள்வி வரும், "இருக்கிறேன்" என்று அது சொல்லும், அவ்வளவுதான், எங்கே இருக்கிறேன் என்று சொல்லாது. ஆனால் பதில் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து எவ்வளவு தூரம் என்று போடலாம், அலைவரிசை கொஞ்சம் நகர்வதை வைத்துத் தெற்கே போகிறதா வடக்கே போகிறதா என்றும் பார்க்கலாம். தெற்கே போயிருக்கிறது. கடைசிப் பதிவு காலை 8.19, எரிபொருள் தீருகிற நேரம். இதற்கிடையில் தரையிலிருந்து இரண்டு தடவை செயற்கைக்கோள் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்கள், 2.39-க்கும் 7.13-க்கும். யாரும் எடுக்கவில்லை. எனக்கு இந்த முழுக் கதையிலும் ராத்திரியில் ஞாபகம் வருவது அந்த 7.13 மணி அழைப்புதான். விடிந்த பிறகு.

அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடி 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள், விமானத்துக்குப் பதில் 19-ஆம் நூற்றாண்டில் மூழ்கின கப்பல்கள்தான் அகப்பட்டன. 2018 ஜூலையில் 495 பக்க அறிக்கை வந்தது. விமானத்தைக் கையால்தான் திருப்பியிருக்கிறார்கள், யார், ஏன் என்று சொல்ல முடியவில்லை, மூன்றாம் ஆள் தலையீட்டையும் தள்ளிவிட முடியாது என்று எழுதினார்கள். கேப்டனின் அந்த வீட்டு இயந்திரத்தில் விளையாட்டுக்கு மேல் விசேஷமாக ஒன்றும் இல்லை என்று போலீஸ் முடிவு செய்ததும் அதில் இருக்கிறது. அதை நீ எந்த வீடியோவிலும் பார்க்க மாட்டாய். எனக்கு அவர் மேல் சந்தேகம் முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. அதை இனி சாப்பாட்டு மேசையில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மறைத்து வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் இத்தனை வருஷம் கிடைக்காமல் போகுமா என்று நீ கேட்பாய். உன் சம்பந்தி தாம்பரத்தில்தானே இருக்கிறார், அவரைக் கேள். 2016 ஜூலை 22-ஆம் தேதி அங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பின விமானப் படையின் ஏ.என்.32, 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. கப்பலும் விமானமுமாகத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் உடைசலைக் கண்டுபிடித்தார்கள், சென்னையிலேயே இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி எடுத்த படத்தில். யாரும் ஒளித்து வைக்கவில்லை, கடலுக்குள்தான் கிடந்தது. எம்எச்370 விழுந்ததாகக் கணக்குப் போடும் கடல் அதைவிட ஆழம், பக்கத்தில் கரையே கிடையாது.

இப்போது ஓஷன் இன்ஃபினிட்டி என்கிற நிறுவனத்தோடு மறுபடி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், 15,000 சதுர கிலோமீட்டர், கிடைத்தால் 7 கோடி அமெரிக்க டாலர், கிடைக்காவிட்டால் ஒரு வெள்ளிகூடக் கிடையாது. இந்த வாரம் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், பருவம் சரியில்லை, நிறுத்தியிருக்கிறோம், வருஷக் கடைசியில் தொடருவார்கள் என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, ஒட்டுக்கடை கோபால் ஆரம்பித்துவிட்டான்: "எதையோ பார்த்துட்டாங்க அண்ணே, அதான் நிறுத்திட்டாங்க." நான் தே தாரிக்கைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். அங்கே குளிர்காலம் ஆரம்பிக்கிறது, அலை வீடு உயரத்துக்கு எழும்பும் என்று சொன்னால் அவனுக்கு ருசிக்காது.

சரி, கை வலிக்கிறது. ஜூன் கடைசியில் பேத்திக்குக் காது குத்து, சுங்கை பட்டாணியில், அதற்கு வரும்போது உன் வீட்டில் இரண்டு நாள் தங்குகிறேன். பாலேக் பூலாவ் டுரியான் அப்போது விழ ஆரம்பித்திருக்கும், சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியாமல் போய்விட்டு வருவோம். அந்த வீடியோவை எத்தனை பேருக்கு அனுப்பினாய்? மருமகனுக்கு அனுப்பியிருந்தால் அவனிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கிழவனுக்கு என்ன தெரியும் என்பான்.

அன்புடன்,
உன் சுப்பையா